கால் வெச்சுத் தள்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பெட்ரோல் தீர்ந்துபோன பைக்கை ஒருத்தர் ரோட்டோரமா உருட்டிட்டு நடந்து போறார். நீங்க பின்னாடி உங்க வண்டில வர்றீங்க. என்ன பண்ணுவீங்க?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆளா இருந்தா உங்க பதில் எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைச்சு, "ஏனுங்ணா, பெட்ரோல் இல்லீங்களா? ஏறி உக்காருங்க"ம்பீங்க. அவர் வண்டியோட பின் ஃபுட்ரெஸ்ட்ல உங்க காலை வெச்சு பங்க் வரைக்கும் தள்ளிட்டுப் போவீங்க. அவர் நன்றி சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த சிக்னலைத் தாண்டியிருப்பீங்க.

இந்த இழை அந்தக் காலைப் பத்தினது.

நான் அரசு மருத்துவமனைல வேலை பார்க்கற எம்.பி.பி.எஸ். டாக்டர். எலும்பு ஸ்பெஷலிஸ்ட் இல்ல. ஆனா விபத்துன்னு வர்றவங்களை முதல்ல பார்க்கற இடத்துல பல ராத்திரி நின்னிருக்கேன். அங்க பார்த்ததைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, வீட்டுல வண்டி ஓட்டற பசங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். "யாருக்கும் உதவாதீங்க, உங்க வேலையைப் பாத்துட்டுப் போங்க"ன்னு சொல்ல நான் வரல. அந்த மாதிரி அறிவுரை எனக்குப் பிடிக்காது.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு ராத்திரி என் வண்டி பாதி வழில நின்னுபோச்சு. பிளக் போயிருந்தது. மணி ஒண்ணரை இருக்கும். பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிஞ்சு போன ஒரு அண்ணா தானா வண்டியை நிறுத்தினார். நான் யாரு, எங்க போறேன், ஒண்ணும் கேக்கல. ஹாஸ்டல் வாசல் வரைக்கும் தள்ளி விட்டுட்டு, "பாத்துப் போங்க தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவர் பேர் கூட எனக்குத் தெரியாது. இந்த ஊர்ல இப்படித் தள்ளி விடப்படாத ஆள் யாராவது இருக்காங்களா சொல்லுங்க?

அதனால அந்தக் குணம் அப்படியே இருக்கட்டும். செய்யற முறையை மட்டும் மாத்திக்கலாமான்னு பேசலாம்.

இது ஏன் ஆபத்தா தெரியறதில்லைன்னு முதல்ல பார்ப்போம்.

பைக் 110 கிலோ, மேல உக்காந்திருக்கற ஆள் 65 கிலோன்னு வெச்சுக்குங்க. சமமான தார் ரோட்டுல, காத்து சரியா இருக்கற டயரோட, அந்த 175 கிலோவை நகர்த்திட்டே போக 3, 4 கிலோ எடையைத் தூக்கற அளவு விசை போதும். சக்கரத்தோட மகிமை அது. கால்ல பாரமே தெரியாது. "இதுல என்ன இருக்கு"ன்னு தோணும். பேசிட்டே கூடப் போவோம்.

இப்ப அதே வண்டி ஒரு பாலத்துல ஏறுது. 20 அடிக்கு ஒரு அடி உயர்ற சாதாரண ஏத்தம்தான். அந்த 4 கிலோ இப்ப 12, 13 கிலோ ஆயிடும். கால் நடுங்க ஆரம்பிக்கும். நாம என்ன பண்ணுவோம்? ஆக்ஸிலேட்டரை முறுக்குவோம். முட்டியை நேரா விறைப்பா வெச்சுக்குவோம். அங்கதான் பிரச்சனை தொடங்குது.

பாலம் இறங்கும்போது இன்னொரு பிரச்சனை. ரெண்டு வண்டிக்கும் தானா வேகம் வருது. 30 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 8 மீட்டர். முன்னாடி ஒரு நாய் குறுக்க வருது, அவர் பிரேக் பிடிக்கறார். நீங்க அதைப் பாத்து பிரேக் பிடிக்க ஒரு செகண்டாவது ஆகும். அந்த 8 மீட்டருக்கு உங்க வண்டி, நீங்க, உங்க ரெண்டு பேர் எடை எல்லாம் அவர் வண்டி மேல போய் அழுத்துது. ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கறது உங்க கால் மட்டும்தான்.

காருக்கு பம்பர் இருக்கு. இங்க பம்பரே உங்க கால்தான்.

இன்னும் சில விஷயம் கவனிங்க.

கியர் வண்டில இடது கால் கியருக்கு, வலது கால் பின் பிரேக்குக்கு. இடது காலால தள்ளினா உங்களால கியர் மாத்த முடியாது. வலது காலால தள்ளினா பின் பிரேக் இல்ல, கைல இருக்கற முன் பிரேக் மட்டும்தான். ஈர ரோட்டுல அதை மட்டும் அழுத்திப் பிடிச்சா என்ன ஆகும்னு வண்டி ஓட்டற எல்லாருக்கும் தெரியும்.

நீங்க தள்றது நேர் பின்னாடி இருந்து இல்ல, பக்கவாட்டுல இருந்து. அதனால அவர் வண்டி ஒரு பக்கமும் உங்க வண்டி எதிர்ப்பக்கமும் திரும்பப் பார்க்கும். ரெண்டு பேரும் ஹேண்டில்பாரோட சண்டை போட்டுட்டேதான் போறோம்.

கால் வைக்கற இடம் பாருங்க. கீழ சுடற சைலென்சர். உள்ள சுத்தற சக்கரம், ஸ்போக்ஸ், செயின். கால்ல மழைல நனைஞ்ச ரப்பர் செருப்பு. அது வழுக்கினா கால் போற இடம் ரோடா சக்கரமான்னு நாம தீர்மானிக்க முடியாது.

ஆட்டோக்காரங்களுக்கும் இது பொருந்தும். நின்னுபோன ஆட்டோவை இன்னொரு ஆட்டோல இருந்து ஒத்தைக் காலை வெளில நீட்டித் தள்ளிட்டுப் போறதை தினமும் பார்க்கறோம். அங்க எடை இன்னும் அதிகம், கால் அதே கால்தான்.

இப்ப ஒரு பேஷண்டைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

தறி ஓட்டற பையன், இருபத்தி அஞ்சு வயசுக்குள்ள. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழில, மழைல வண்டி நின்னுபோன ஒருத்தரைப் பார்த்து தானா நிறுத்தி, கால் வெச்சுத் தள்ளியிருக்கான். பாலம் இறங்கும்போது முன்னாடி போனவர் எதுக்கோ பிரேக் பிடிச்சிருக்கார். பையனோட கால் ஃபுட்ரெஸ்ட்ல இருந்து வழுக்கி உள்ள போயிடுச்சு. எங்ககிட்ட வந்தப்ப கணுக்கால் திரும்பி இருந்தது. எலும்பு தோலைக் கிழிச்சு வெளில தெரிஞ்சது. ரோட்டு மண்ணு, கிரீஸ் எல்லாம் காயத்துக்குள்ள.

கழுவி சுத்தம் பண்ண ஒரு ஆபரேஷன், எலும்பை நிறுத்த ஒண்ணு, தோல் வைக்க ஒண்ணு. தறில நிக்கறதுன்னா எட்டு மணி நேரமும் கால்ல நிக்கற வேலை. மாசக்கணக்குல அவனால வேலைக்குப் போக முடியல. வீட்டுல வருமானமே அவன்தான்.

உதவி வாங்கினவர் ஓடிப் போயிருப்பார்னு நினைக்கறீங்களா? இல்ல. அவர்தான் 108க்கு போன் பண்ணி கூட வந்தார். ஈரச் சட்டையோட விடியற வரைக்கும் வார்டு வாசல்ல நின்னார். அடுத்தடுத்த நாளும் வீட்டுல இருந்து சாப்பாடு எடுத்துட்டு வந்தார். அன்னைக்கு அந்த ரோட்டுல கெட்டவங்க யாருமே இல்ல.

பையனோட அம்மா ஒரு நாள் ரவுண்ட்ஸ்ல என்கிட்ட கேட்டாங்க: "ஏனுங் சாமி, நல்லது செய்யப் போனதுக்கு இப்படியாயிருச்சே. இனி யாரு நின்னாலும் நிக்காம வந்துருன்னு சொல்லட்டுங்களா?"

அந்த வார்டுல வெச்சு அவங்களுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? "அவன் கால் முதல்ல ஆறட்டும்மா"ன்னு மட்டும்தான் சொன்னேன். ஆனா அந்தக் கேள்வி மனசுல இருந்து போகல. "ஆமா, நிக்க வேண்டாம்னு சொல்லுங்க"ன்னு சொல்ல எனக்கு மனசில்ல. "பரவால்ல, தள்ளட்டும்"னு சொல்றதும் நியாயமில்ல. மூணாவது பதில் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கடைசில வர்றேன்.

இந்தக் காயங்கள் ஏன் இவ்வளவு தொல்லை பண்ணுதுன்னு பலருக்குத் தெரியறதில்ல.

உங்க முழங்காலுக்குக் கீழ முன்பக்கத்தைத் தடவிப் பாருங்க. எலும்பு நேரடியா தோலுக்கு அடியில தட்டுப்படும். நடுவுல சதையே கிடையாது. அதனால அங்க எலும்பு உடைஞ்சா சுலபமா தோலைக் கிழிச்சுட்டு வெளில வரும். வெளில வந்த எலும்புல கிருமி ஏறும். ரத்த ஓட்டமும் அங்க குறைவுங்கறதால ஆற நாளாகும். சர்க்கரை இருக்கறவங்களுக்கும் சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் இன்னும் நாளாகும்.

அடுத்தது நசுங்கின கால். வெளில சின்ன சிராய்ப்புதான் தெரியும். ஆனா கெண்டைக்கால் சதை எல்லாம் இறுக்கமான உறைக்குள்ள இருக்கு. உள்ள வீங்கினா விரிய இடமில்ல. அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்னுபோகும். கிட்டத்தட்ட 6 மணி நேரத்துக்கு மேல அப்படியே விட்டா சதை செத்துப்போகும், காலையே இழக்க வேண்டி வரலாம்.

இதுக்கான அறிகுறியை ஞாபகம் வெச்சுக்குங்க. காயத்தைப் பார்த்தா சின்னது, வலி மட்டும் தாங்க முடியல. கால் விரலை நாம பிடிச்சு மேல வளைச்சா உயிர் போற வலி. கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகியிருக்கு. விரல் மரத்துப் போகுது. இதுல எது இருந்தாலும் "காலைல பார்த்துக்கலாம்"னு படுக்காதீங்க. அப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

பைக் கதை இருக்கட்டும், கார்ல வர்றவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு.

அம்பாசிடர் காலத்துல நின்னுபோன காரை இன்னொரு கார் பம்பரால முட்டித் தள்ளினதை உங்க அப்பா தாத்தா பார்த்திருப்பாங்க. அந்த பம்பர் இரும்பு. இப்ப வர்ற கார்ல வெளில தெரியறது பிளாஸ்டிக் உறை, அதுக்குப் பின்னாடி ஃபோம், அதுக்கும் பின்னாடிதான் உலோகம். ரெண்டு காரோட உயரமும் ஒத்துப்போகாது. தள்ளினா ரெண்டு வண்டிக்கும் செலவு.

செலவு போகட்டும். நின்னுபோன கார்ல எஞ்சின் ஓடலை. அதனால பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது, கல்லு மாதிரி இருக்கும். பிரேக்குக்கு உதவற வேக்குவமும் ஒண்ணு ரெண்டு மிதிக்குள்ள தீர்ந்துடும். அப்புறம் முழு பலத்தோட மிதிச்சாத்தான் பிடிக்கும். சாவியை வெளில எடுத்துட்டா ஸ்டீயரிங் லாக் வேற விழுந்துடலாம். அப்படிப்பட்ட வண்டியைப் பின்னாடி இருந்து இன்னொரு கார் வேகமா தள்ளினா முன்னாடி இருக்கறவர் டிரைவர் இல்ல, பயணி.

அதைவிட மோசமானது, ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஆள் நிக்கறது. ராத்திரி ரோட்டுல கார் நின்னுடுச்சு, ரெண்டு பேர் இறங்கி பின்னாடி கை வெச்சுத் தள்றாங்க. பின்னாடி வர்ற வண்டிக்காரருக்கு அவங்க தெரியறதில்ல, ஏன்னா டிக்கி மேல குனிஞ்சு தள்றவங்க உடம்பே பின் லைட்டை மறைச்சிருக்கும். மோதினா ரெண்டு பம்பருக்கும் நடுவுல மாட்டறது முழங்காலும் தொடையும்தான்.

அதனால இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க: நகர்ற வண்டிக்கும் நிக்கற வண்டிக்கும் நடுவுல மனுஷ உடம்பு இருக்கக் கூடாது. கால், கை, முழு ஆள், எதுவா இருந்தாலும் சரி.

இங்க ஒரு கிளைக்கதை. நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் இப்ப கனடா, அமெரிக்கான்னு இருக்காங்க. அங்க பனில மாட்டின காரை இன்னொரு காரால தள்ளலாமான்னு கேள்வி வரும். அதுக்கும் இதே கணக்குதான், இன்னும் மோசமா.

காய்ஞ்ச தார் ரோட்டுல டயரோட பிடிமானம் சுமார் 0.7. ஈர ரோட்டுல 0.4, 0.5. பனிக்கட்டி மேல 0.1 அளவுதான். கணக்குப் போட்டா 30 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் பிடிச்ச வண்டி, காய்ஞ்ச ரோட்டுல சுமார் 5 மீட்டர்ல நிக்கும். ஈர ரோட்டுல 8 மீட்டர். பனிக்கட்டில 35 மீட்டர். மாட்டின காரும் தள்ற காரும் ஒரே பனிக்கட்டி மேலதான் நிக்குது. தள்ற வண்டி சக்கரம் சும்மா சுத்தும். எப்படியோ நகர ஆரம்பிச்சுட்டா ரெண்டையும் நிறுத்த முடியாது. அங்க இருக்கறவங்க சக்கரத்தைச் சுத்தி பனியை வாரி எடுத்துட்டு, மணலோ கார் மேட்டோ போட்டு மெதுவா எடுக்கப் பாருங்க. பனில மாட்டின கார்ல ஹீட்டருக்காக எஞ்சினை ஓட விட்டு உக்காருவீங்கன்னா, முதல்ல இறங்கி சைலென்சர் வாயை பனி மூடியிருக்கான்னு பாருங்க. மூடியிருந்தா கார்பன் மோனாக்ஸைடு உள்ள வரும். அதுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், எழுந்திருக்க மாட்டீங்க.

நமக்குப் பனி இல்ல. மார்கழில ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனா நம்மகிட்ட முதல் மழை இருக்கு. மாசக்கணக்குல ரோட்டுல சேர்ந்த ஆயிலும் தூசியும் முதல் தூறல்ல குழைஞ்சு சோப்பு மாதிரி ஆயிடும். அந்த முதல் அரை மணி நேரம் யாரையும் தள்ளாதீங்க.

அப்புறம் நம்ம ஊர் ரயில்வே பாலங்கள். லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பக்கம், அவினாசி ரோடு பாலத்துக்குக் கீழ, சிவானந்தா காலனி. பெரிய மழை பெய்ஞ்சா எங்க தண்ணி நிக்கும்னு கோயம்புத்தூர்க்காரங்களுக்கு மனப்பாடம். அந்தத் தண்ணில வண்டி நின்னுபோச்சுன்னா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. தள்ளியும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. எஞ்சினுக்குள்ள பிஸ்டன் காத்தை அமுக்கும், தண்ணியை அமுக்க முடியாது. உள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடே வளைஞ்சுடும். தண்ணி ஏறிட்டிருந்தா வண்டியை விட்டுட்டு ஆள் மட்டும் மேட்டுக்கு வாங்க. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு.

தள்ளி ஸ்டார்ட் பண்றதே இப்ப எல்லா வண்டிக்கும் நடக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டரையும் ஆட்டோமேட்டிக் காரையும் எவ்வளவு தூரம் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. மூச்சு வாங்கறதுதான் மிச்சம்.

மூச்சுன்னு சொன்னதும் இன்னொரு விஷயம், டாக்டரா நான் கட்டாயம் சொல்ல வேண்டியது. காரைக் கையால தள்றது சாதாரண வேலை இல்ல. மூச்சை அடக்கி, பல்லைக் கடிச்சு, முழு உடம்பாலும் முக்கறோம். அந்த நேரத்துல ரத்த அழுத்தம் சட்டுனு எகிறும். குளிர் நாடுகள்ல பனியை வாரிக் கொட்டும்போது மாரடைப்பு வர்றதை டாக்டர்கள் ரொம்ப நாளா எச்சரிச்சுட்டு இருக்காங்க. பழக்கமில்லாத உடம்புக்கு திடீர்னு வர்ற கடும் உழைப்புதான் காரணம். வெயில்ல கார் தள்றதும் அதே ரகம்தான்.

நாப்பது தாண்டினவங்க, பிபி, சர்க்கரை, இதயப் பிரச்சனை இருக்கறவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க, சமீபத்துல குடலிறக்க ஆபரேஷன் பண்ணினவங்க தள்ள இறங்காதீங்க. "நாலு பேர் தள்றாங்க, நான் மட்டும் சும்மா நிக்கறதா"ன்னு கூச்சப்படாதீங்க. நீங்க பின்னாடி வர்ற வண்டிகளுக்கு டார்ச் காட்டுங்க. அதுவும் பெரிய உதவிதான். தள்ளும்போது நெஞ்சுல இறுக்கம், இடது கை, தாடை வலி, குப்புனு வேர்வை வந்தா உடனே உக்காந்து 108க்கு போன் பண்ணுங்க. வாயுன்னு சோடா குடிச்சுட்டு இருக்காதீங்க.

மலைப்பாதை பத்தி ரெண்டு வரி. மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏத்தம், 40 கொண்டை ஊசி வளைவு இருக்கற வால்பாறை ரோடு, 27 வளைவு இருக்கற திம்பம். இங்க வண்டி நின்னா தள்ற பேச்சே வேண்டாம். லாரி கிளீனர் தம்பிங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. வண்டி நின்னதும் முதல் வேலையா குதிச்சு சக்கரத்துக்குக் கட்டை போடுவாங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம். நீங்களும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியர்ல போட்டு, பள்ளத்துப் பக்கம் சக்கரத்துக்குக் கல்லு வைங்க. வண்டிக்கு நேர் கீழ போய் நிக்காம பக்கவாட்டுல நின்னு வைங்க.

சரி, அந்த மூணாவது பதில்.

வண்டியை நகர்த்தாதீங்க. ஆளை நகர்த்துங்க.

பெட்ரோல் தீர்ந்தவருக்கு வேண்டியது பெட்ரோல். அவர் வண்டி பங்குக்கு வரணும்னு அவசியமில்ல. அவர் வண்டியை ஓரமா பூட்டிட்டு உங்க வண்டி பின் சீட்ல உக்காரச் சொல்லுங்க. பங்க்ல மூடி இறுக்கமா இருக்கற சரியான கேன்ல வாங்கிட்டுத் திரும்பக் கொண்டு வந்து விடுங்க. தண்ணி பாட்டில்ல வேண்டாம், பல பங்க்ல தரவும் மாட்டாங்க. உங்களுக்குக் கூடுதலா பத்து நிமிஷம். ரெண்டு பேர் காலும் அவங்கவங்க வண்டி மேலயே இருக்கும்.

ரிப்பேர்னா மெக்கானிக் கடை வரைக்கும் ஏத்திட்டுப் போங்க. பாதி ராத்திரின்னா வீட்டுல கொண்டு போய் விடுங்க, வண்டி காலைல வரட்டும். பெண்கள் தனியா நின்னா முன்பின் தெரியாதவங்க வண்டில ஏறத் தயங்குவாங்க, அது நியாயம்தான். வெளிச்சமான கடை வாசல் வரைக்கும் வண்டியை உருட்ட உதவிட்டு, அவங்க வீட்டுக்கு போன் பண்ண வெச்சு, ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

பங்க் கண்ணுக்குத் தெரியற தூரம்தான்னா, ரெண்டு பேரும் இறங்கி உருட்டுங்க. ஒருத்தர் ஹேண்டில்பார், இன்னொருத்தர் பின்னாடி கை. ரோட்டோட இடது ஓரம். நடக்கற வேகத்துல யாருக்கும் கணுக்கால் உடையாது.

கார் நின்னுபோனா முதல்ல ஹசார்ட் லைட். முக்கோண எச்சரிக்கைப் பலகை இருந்தா வண்டிக்கு 50 மீட்டராவது பின்னாடி வைங்க. குழந்தைகள், பெரியவங்க உள்ள உக்கார வேண்டாம், எல்லாரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க. கட்டி இழுத்துத்தான் ஆகணும்னா, நின்னுபோன வண்டி ஸ்டீயரிங்ல லைசென்ஸ் இருக்கற ஆள் கட்டாயம் இருக்கணும். 1989 சாலை விதிமுறைலயே ரெண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல போகக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருந்தது. பைக்கைக் கயித்துல கட்டி இழுக்காதீங்க, எந்தக் காரணத்துக்காகவும்.

தேசிய நெடுஞ்சாலைன்னா 1033க்கு கூப்பிடலாம். 2025 அக்டோபர்ல திறந்த அவினாசி ரோடு உயர்மட்டப் பாலம் மாதிரி, 10 கிலோமீட்டருக்கு ஒதுங்க இடம் குறைவா இருக்கற ரோட்டுல வண்டி நின்னா, "அப்படியே இறங்கற இடம் வரைக்கும் தள்ளிடலாம்"னு ஆசை வரும். வேகமா வர்ற வண்டிகளுக்கு நடுவுல ரெண்டு பைக் ஒட்டிட்டு மெதுவா போறது ரொம்ப ஆபத்து. ஓரமா நிறுத்தி, சுவரோரமா நின்னு, 100க்கோ 112க்கோ கூப்பிடுங்க.

இதையெல்லாம் மீறி அடிபட்டுட்டா என்ன பண்ணணும்?

முதல்ல ஆளையும் உங்களையும் ரோட்டை விட்டு ஓரமா கொண்டு வாங்க. 108க்கு கூப்பிடுங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க, அடிக்கடி எடுத்துப் பார்க்காதீங்க. எலும்பு வெளில தெரிஞ்சா உள்ள தள்ளாதீங்க, ஈரத்துணியால மூடுங்க. கால் எப்படி இருக்கோ அப்படியே ரெண்டு பக்கமும் அட்டையோ குச்சியோ வெச்சு அசையாம கட்டுங்க, இறுக்கிக் கட்ட வேண்டாம். கொலுசு, மெட்டி, ஷூ லேஸ் எல்லாத்தையும் வீங்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. காபித்தூள், மஞ்சள், பேஸ்ட் எதையும் அப்பாதீங்க, அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். சைலென்சர் சுட்டிருந்தா 20 நிமிஷம் குழாய்த் தண்ணி. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால சாப்பிடவோ குடிக்கவோ ஒண்ணும் குடுக்காதீங்க. நசுங்கின காலுக்கும் தோல் கிழிஞ்ச எலும்பு முறிவுக்கும் நாட்டுக்கட்டு போடப் போகாதீங்க. டிடி ஊசி மறக்காதீங்க.

அடிபட்டவரைத் தூக்கிட்டு வந்தா போலீஸ், கேஸ்னு அலைய வேண்டி வரும்னு இன்னும் பலர் பயப்படறாங்க. 2016ல உச்ச நீதிமன்றம் உதவறவங்களுக்குப் பாதுகாப்பு குடுத்து தீர்ப்பு சொல்லியிருக்கு. 2019 திருத்தத்துல அது மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவாவே வந்துடுச்சு. நீங்க பேர் சொல்ல வேண்டிய கட்டாயம் கூட இல்ல. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள நடந்த சாலை விபத்துன்னா, 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்துல சேர்ந்திருக்கற ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி. காசில்லைன்னு யோசிச்சு நேரத்தை விடாதீங்க.

அவ்வளவுதான் மக்களே. ரோட்டோரம் வண்டி உருட்டறவரைப் பார்த்தா நிறுத்தாம போயிடாதீங்க. நிறுத்துங்க. கேளுங்க. அதே "ஏறி உக்காருங்ணா"தான் சொல்லப் போறீங்க. அவர் வண்டில உக்காரச் சொல்லாம, உங்க வண்டி பின் சீட்டைக் காட்டிச் சொல்லுங்க.

ஷிஃப்ட் வேலைக்குப் போற பசங்க இருக்கற குரூப்கள்ல இதைப் பகிருங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.